ஐந்து கிழமை யாருக்கும் சொல்லவில்லை

எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தபோது வயது 42. அதற்கு முந்தின தவணை முழுக்க, இரவில் மூன்று நான்கு தடவை எழும்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் விடாய் அடங்கவில்லை. திருகோணமலை வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். விடைத்தாள் திருத்தும்போது எழுத்துகள் கலங்கத் தொடங்கிய பிறகுதான் கண்ணாடி போடலாம் என்று போனேன். கண் பார்த்தவர், "முதல்ல இரத்தத்தில சீனியைப் பார்த்திட்டு வாங்கோ ரீச்சர். அது ஏறி இறங்கினா கண்ணாடி இலக்கமும் மாறிக்கொண்டே இருக்கும்" என்றார்.

வெறும் வயிற்றில் 212. அது 126க்கு வந்தாலே நீரிழிவு என்கிறார்கள். கடந்த மூன்று மாதச் சீனியைக் காட்டுகிற மற்றப் பரிசோதனை, எச்பிஏ1சி, 9.1. நான் போன தனியார் இடத்தில் மருத்துவர் தாளைப் பார்த்தே பேசினார்: பாரத்தைக் குறைக்க வேணும், சீனியை நிப்பாட்ட வேணும், இந்தக் குளிசையைப் போட வேணும். இரண்டு நிமிடம்கூட இல்லை. வெளியில் வந்து ஆட்டோவில் ஏறினேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டவருக்கு என் வீட்டு வீதியின் பெயர் சொல்ல வரவில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்ட கை இது. 9.1 என்பதை நான் எனக்குக் கிடைத்த புள்ளியாகத்தான் வாசித்தேன். சாப்பிட்ட ஒவ்வொரு தொதலும், பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் கேக்கும், சோம்பலில் நடக்காமல் விட்ட பின்னேரங்களும் வரிசையில் வந்து நின்றன. அதற்குப் பின்னால் அப்பா நின்றார்.

அப்பாவுக்கும் இதே வருத்தம். டச்சுக்குடாக் கரையில் வெறுங்காலோடு நடந்தபோது சிப்பி வெட்டியது அவருக்குத் தெரியவே இல்லை. உணர்ச்சி போன கால். காயம் புண்ணாகி, புண் கறுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வருவது அந்த அறையில் இருந்த மருந்து மணம்தான். இணையத்தில் எவ்வளவு விளக்கம் படித்தாலும் அந்த மணம் போகவில்லை. பயப்படாதே என்று சொல்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்களில் பலருக்கு இது வீட்டுக்குள் ஏற்கெனவே வந்து போன வருத்தம்.

சரி, சொல்லாமல் இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். மருத்துவர் தந்த மெட்போமின் குளிசை அட்டையைப் பேனைப் பெட்டிக்குள் வைத்தேன். கணவர் வெளியே போனதும் அவசரமாக, வெறும் வயிற்றில் விழுங்குவேன். வயிறு புரட்டும், அதையும் தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். சோற்றை நிறுத்தினேன். இரண்டு நாள் பட்டினி போலக் கிடந்து, மூன்றாம் நாள் குசினியில் நின்றபடியே பாணும் சீனியும் தின்றேன். பிறகு அழுதேன். இப்படி ஐந்து கிழமை. வருத்தத்தைவிட அதை ஒளித்து வைப்பதுதான் என்னை உருக்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கோணேசர் கோயிலுக்குப் போனோம். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு இறங்கினேன். கோட்டைக்குள் மான்கள் நிற்கிற இடம்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன். சாப்பிடவும் முடியவில்லை, சுவாமிக்குப் படைத்ததை எறியவும் முடியவில்லை. நெய் விரலிடுக்கால் வழிந்து மணிக்கட்டுவரை வந்துவிட்டது. "என்னப்பா, சாப்பிடன்" என்றார் கணவர். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "ராவில எழும்பி எழும்பிப் போனது அதுக்குத்தானா? நான் வேற என்னென்னவோ நினைச்சுப் பயந்துகொண்டிருந்தன்" என்றார். என் கையில் இருந்ததை எடுத்துத் தானே சாப்பிட்டார். நான் தனியாகப் பயந்ததாக நினைத்திருந்தேன். அதே ஐந்து கிழமை அவரும் பக்கத்தில் படுத்தபடி பயந்திருக்கிறார். இன்றைக்கும் எனக்குப் பொறுக்காதது இதுதான். யாருக்காவது புதிதாக வந்திருந்தால், முதல் கிழமையிலேயே ஒரே ஒரு ஆளுக்காவது சொல்லிவிடுங்கள்.

அவர்தான் என்னை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். கிளினிக் கொப்பியோடு விடியற்காலையிலேயே வாங்கில் இருந்தோம். அங்கே ஒரு தாதி என் எச்பிஏ1சி தாளைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "எல்லாம் என்ர பிழைதான் மிஸ்" என்றேன். அவர் கொப்பியை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அப்பாவுக்கு இருந்தா உங்களுக்கு வர இடம் கூட. அது உங்கட பிழை இல்லையே. சிவப்பணு மூன்று நாலு மாசம் இரத்தத்தில சுத்தும், அதில ஒட்டியிருக்கிற சீனியைத்தான் இதில அளக்கிறம். இனி வாற மூன்று மாசம் புது இரத்தம் ரீச்சர்." குளிசையைச் சாப்பாட்டோடு போடவும் சொன்னார். கொஞ்ச நாளில் வயிற்றுப் புரட்டல் நின்றது.

அப்புறம் கால். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நூலால் உள்ளங்காலைத் தொட்டார். தெரியும்போது சொல்ல வேண்டும். பெருவிரல். தெரிகிறது. சின்ன விரலுக்குக் கீழே. தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. என் கால் அப்பாவின் கால் இல்லை என்று அந்த நூல்தான் எனக்குச் சொன்னது.

சோற்றை முழுதாக விடவில்லை. குத்தரிசி, அளவாக, கோப்பையில் பாதிக்கு மரக்கறி, மீன். பின்னேரம் நடை. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.4, அடுத்த தடவை 6.9. கலியாண வீடுகளில் "ஒருநாள்தானே, சாப்பிடு" என்பவர்களோடு இன்னும் எனக்குக் கோபம் வரும். சில கிழமைகள் குளிசையைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கும். அந்த நாட்களில் அதைக் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

அம்மாவுக்குத்தான் கடைசியாகச் சொன்னேன். அப்பாவின் புண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்து கட்டியவர். எப்படித் தாங்குவாரோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பின்னேரம் விறாந்தையில் இருக்கும்போது சொன்னேன். அழுவார் என்று பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "காலைக் கொண்டா பிள்ளை" என்று என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.