கீலேஷன் கேள்வியா? துகள்களை எண்ணுங்கள்

சிங்கப்பூரில் ஏ லெவலுக்கு எச்2 வேதியியல் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. ஒரே மூலக்கூறு பல இடங்களில் ஓர் உலோக அயனியைப் பற்றிக்கொள்வதுதான் கீலேஷன்; ஈடிடிஏ அப்படிப் பற்றும் ஒரு சேர்மம். “ஈடிடிஏ உலோக அயனியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள். ஏன் பிடிக்கிறது என்பதுதானே கேள்வியே.

ஜேசி (தொடக்கக் கல்லூரி) ஆய்வகத்தில் வாய்ப்புக் கிடைத்தால் செய்து பாருங்கள். காப்பர் சல்ஃபேட் கரைசலில் அமோனியாவைத் தாராளமாகச் சேர்த்தால் கருநீலம் வரும். அதில் ஈடிடிஏ கரைசலை விட்டால் நிறம் வெளிறி இளநீலமாகும். நான்கு அமோனியாவும் இரண்டு தண்ணீரும் வெளியேற, ஒற்றை ஈடிடிஏ தன் நான்கு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன் வழியாக ஆறு இடங்களையும் எடுத்துக்கொள்கிறது. சமன்பாட்டை எழுதி எண்ணினால் இடப்பக்கம் 2 துகள், வலப்பக்கம் 7. என்ட்ரோபி (ஒழுங்கின்மை) கூடுகிறது, அதனால் டெல்டா ஜி (வினை தானாக நடக்குமா என்று காட்டும் ஆற்றல் மாற்றம்) இன்னும் கீழே இறங்குகிறது. மதிப்பெண் இந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

பிணைப்பு வலுவாக இருப்பதால்தானே என்று தோன்றலாம். நிக்கலைப் பாருங்கள். ஒரு நைட்ரஜனால் பிடிக்கும் அமோனியாவானாலும் இரண்டு நைட்ரஜனால் பிடிக்கும் டைஅமினோஈத்தேன் ஆனாலும் உருவாவது ஆறு நிக்கல்-நைட்ரஜன் பிணைப்புகள்தான். ஆனால் இரண்டாவதன் நிலைப்பு மாறிலி (சேர்மம் எவ்வளவு உறுதியாக நிலைக்கிறது என்பதன் அளவு) நூறு கோடி மடங்குக்கும் மேல். வித்தியாசம் முக்கியமாகத் துகள் எண்ணிக்கையில்தான்.

மருத்துவக் கேள்விகளுக்கும் இதே எண்ணிக்கை உதவும். ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் உடலில் சேரும் இரும்பை அகற்ற மூன்று மருந்துகள் உண்டு. டெஃபெராக்சமைன் உலோகத்தைப் பிடிக்க ஆறு கை கொண்டது, ஒரு இரும்புக்கு ஒன்று போதும். டெஃபெராசிராக்ஸுக்கு மூன்று கை, அதனால் இரண்டு வேண்டும். டெஃபெரிப்ரோனுக்கு இரண்டே கை என்றால் எத்தனை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஈய நச்சுக்குக் கால்சியம் ஏற்கெனவே சேர்ந்த ஈடிடிஏ கொடுக்கிறார்கள். ஈயத்தின் மீது ஈடிடிஏவுக்குப் பிடிப்பு அதிகம் என்பதால் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடிக்கும். கால்சியம் இல்லாத டைசோடியம் உப்பைக் கொடுத்தால் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையே இழுத்துக்கொள்ளும், இதயம் நின்றுபோகலாம். அமெரிக்காவில் 2003-2005இல் அப்படி உயிரிழப்புகளே நடந்தன. பயன்பாட்டுக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், படம் வரையும்போது பிணைப்பைக் காட்டும் அம்புக்குறி நைட்ரஜன், ஆக்சிஜன் அணுவில் தொடங்கி உலோகத்தில் முடிய வேண்டும். அடைப்புக்குறிக்கு வெளியே மின்சுமையைப் போட மறக்காதீர்கள். காப்பர்-ஈடிடிஏவுக்கு அது 2−.