ஆண், வயது 52

எங்கள் படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று இருந்தது. அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்தால் போதும், வயதும் ஆணா பெண்ணா என்பதும் தாமாக வந்து விழும். இலங்கையின் பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். இந்தக் கணக்கைப் படிவத்துக்குள் எழுதி வைத்தவள் நான். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2024 நவம்பர் இறுதி. பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் யாழ்ப்பாணத்தின் பள்ளக் காணிகளை மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது. நான் வேலைசெய்த தொண்டு நிறுவனம் இம்முறை உலர் உணவுப் பொதி வேண்டாம், குடும்பங்களுக்குக் காசாகவே கொடுப்போம் என்றது. கைபேசியில் கோபோ என்ற தரவு சேகரிக்கும் செயலியில் படிவம். இணையம் இல்லாத இடத்தில் நிரப்பி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். பிறகு வங்கிக் கணக்குக்குப் பணமும் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் போகும். லொறி இல்லை, வரிசை இல்லை. நிவாரண வரிசையில் நின்று சீனியும் பருப்பும் வாங்கி வளர்ந்தவளுக்கு இது சின்ன விடயமல்ல.

முதல் வாரம் முழுதும் பெயர்களோடுதான் மல்லுக்கட்டினோம். கிராம அலுவலர் (எங்கள் ஊர் முதியவர்களுக்கு அவர் இன்னமும் விதானையார்தான்) தந்த பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றி முடித்தால் அடுத்த தலையிடி. ஒரே தங்கராசா அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலோடும் வங்கிப் புத்தகத்தில் இன்னொன்றோடும் இருப்பார். கணினிக்கு அவர் இரண்டு பேர். ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இரண்டு பேரோ அதற்கு ஒருவர். திரையில் சிவப்பாகத் தெரிந்ததை நீக்குவதற்கு முன் விதானையாருக்குத் தொலைபேசி எடுப்போம். "இவர் கோயிலடி, அவர் சந்தி வீடு" என்று அவர் ஒரு நொடியில் பிரித்துவிடுவார்.

தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். ஒரு வயதான அம்மா தந்தது கொழும்பில் வேலைசெய்யும் மகனின் இலக்கம். ஆங்கிலத்தில் போன எங்கள் செய்தியை அவன் விளம்பரமென்று நினைத்து அழித்துவிட்டான். காசு வங்கியில் கிடக்க, அம்மா கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் அறிக்கையில் அந்தக் குடும்பம் 'உதவி சென்றடைந்தது' என்ற கணக்கில் இருந்தது.

பிறகுதான் அராலிப் பக்கத்தில் அந்த வீடு. முற்றத்தில் கணுக்காலளவு தண்ணீர், கட்டிலின் மேல் ஏற்றி வைத்த அடுப்பு. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டேன். "அவர்தான்" என்று சொல்லி, பொலித்தீன் உறையிலிருந்து அடையாள அட்டைப் பிரதியொன்றை எடுத்துத் தந்தார் வீட்டுக்கார அம்மா. இலக்கத்தைப் பதிந்தேன். ஆண் என்று வந்தது. அடுத்து, தலைவரைப் படம் எடுக்கச் சொன்னது படிவம்.

"ஐயா எங்கே அம்மா?"

கேட்ட பிறகுதான் சுவரைப் பார்த்தேன். படம் இருந்தது. மாலை இல்லை. 2007 இல் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை, பிரிந்து வாழ்பவர் என நான்கு கட்டங்கள் இருந்தன. ஒன்றை அழுத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. என் விரல் எங்கே நிற்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. "விதவை என்று போடாதே, பிள்ளை."

இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் என்று சான்றளிக்கும் பத்திரத்துக்கு இந்த நாட்டில் 2016 இலேயே சட்டம் வந்துவிட்டது. எட்டு வருடம் கழித்து, இந்த ஊரிலேயே பிறந்த நான் எழுதிய படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. கடதாசிப் படிவமென்றால் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருப்பேன். அன்றிரவே கட்டத்தைச் சேர்த்தோம், படம் எடுக்கும் கேள்வியைத் தூக்கினோம். அதற்கு முன் போன வீடுகளில் எத்தனை பேருக்கு 'விதவை' என்று அழுத்தினோம் என்பதைக் கண்டுபிடிக்கத் திரும்பவும் வீடு வீடாகத்தான் போகவேண்டியிருந்தது.

அந்த வீட்டிலிருந்து கிளம்பும் முன் அம்மா, பதிந்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். கணவரின் பெயரை வாசித்தேன், இலக்கத்தை வாசித்தேன். திரையில் இருந்ததை அப்படியே தொடர்ந்தேன்: "ஆண், வயது 52."

"52 ஆ?"

போகும்போது அவருக்கு 35. அதன் பிறகான வருடங்களையும் படிவம் ஒன்றுவிடாமல் கூட்டியிருந்தது. பிழையென்று நினைத்துத் திருத்தப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும், பிள்ளை. இப்போது தலை நரைத்திருக்கும்."