பழைய சீட்டு

"எழுந்து நடமாடினா போதும் தம்பி, அப்புறம் ஆடினாலும் பாடினாலும் நான் பார்த்துக்கிறேன்." மருந்துக்கடையில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் எதையெதையோ சொல்லிவிட்டுப் போகிறார்கள், கல்லாவைப் பூட்டும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது. இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அந்த அக்கா அண்ணனுக்காகக் கேட்டது எஸ்சிடலோபிராம், மனச்சோர்வு மாத்திரை. கையில் இருந்தது வேறொரு டாக்டர் எழுதிய பழைய சீட்டு, அண்ணனுக்கு இருப்பது பைபோலார், அதாவது சோர்வும் அளவுமீறிய வேகமும் மாறி மாறி வருகிற மனநோய், என்று தெரிவதற்கு முந்தையது. இப்போது பார்க்கிற டாக்டர் அதை நிறுத்திவிட்டு லித்தியமும் குயிட்டியாபினும் எழுதியிருக்கிறார், மாதாமாதம் எங்கள் கடையில்தான் வாங்குகிறார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் மனுஷன் வாரக்கணக்கில் கட்டிலை விட்டு எழவில்லை, குளிக்கவில்லை, வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது. "அப்போ இந்த மாத்திரை போட்டு பத்தே நாள்ல எழுந்து உட்கார்ந்துட்டாரு" என்றார்.

அந்தப் பத்து நாள்தான் எனக்கு உறுத்தியது. இந்த வகை மாத்திரை பலன் காட்டப் பொதுவாக இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். அதோடு, அப்போது எழுந்தவர் எழுந்து உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. விடிய விடியத் தூங்காமல் பேச்சு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு வண்டி எடுத்துக் கொடுக்க வட்டிக்குக் கடன். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பது இதே அக்காதான். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது வேகத்தின் பக்கம் ஏற்றிவிட்டுவிடும், இது நாங்கள் படித்த பாடம். லித்தியத்தோடு சேர்த்துச் சில டாக்டர்கள் எழுதுவதும் உண்டு, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற நான் இல்லை.

நான் இதில் எதையும் சொல்லவில்லை. "ஷெட்யூல் எச் மருந்துக்கா, பழைய சீட்டுக்குக் கொடுக்கக் கூடாது" என்றேன்.

சட்டப்படி சரிதான், ஷெட்யூல் எச் என்றால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு, சீட்டே இல்லாமல், பழைய அட்டையைப் பார்த்து அம்லோடிபின் எடுத்துக் கொடுத்திருந்தேன், அதுவும் ஷெட்யூல் எச்தான், அக்கா அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார். பிரஷர் மாத்திரை ஒரு நாள் நின்றால் வாத்தியாருக்குத் தலை சுற்றும், இது வேறு விஷயம் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. வேறு விஷயம்தான். அப்படியென்றால் அந்த வேறு விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே? நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் "உங்க அண்ணனுக்கு மறுபடி ஏறிடும்" என்று எப்படிச் சொல்வது? ஏரியாவுக்கே தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் வரக்கூடாது என்று பட்டது. சட்டம் என்பது மரியாதையான சாக்கு, யார் மனசும் நோகாது.

அக்கா கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தித்தான் அந்த 'எழுந்து நடமாடினா போதும்' வார்த்தையைச் சொன்னார். அதாவது, நான் மறைத்து வைத்த காரணம் அவருக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். கடன், தூக்கமில்லாத இரவு, ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, அசையாமல் படுத்திருக்கும் அண்ணனை இன்னொரு தட்டில் வைத்து, எடை போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அந்தக் கணக்கு தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில் 146 பைபோலார் நோயாளிகளைச் சராசரியாகப் பதின்மூன்று வருடம் போலத் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். வேகம் ஏறியிருந்த வாரங்களைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான வாரங்கள் சோர்வில் போயிருந்தன. அக்காவுக்கு ஆய்வெல்லாம் தேவையில்லை, வீட்டுக் காலண்டர் போதும். வெளியே சிரிப்பதும் சத்தம் போடுவதும்தான் நோய் என்று ஊர் நினைக்கிறது. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அந்தப் படுக்கையில்தான்.

அதனால் கேட்டேன், "தப்பா ஏதாவது பேசுறாராக்கா?"

"பேசினாத்தானே."

லித்தியம் அட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்றேன். அளவு மிஞ்சினால் விஷம், ரத்தத்தில் பொதுவாக 0.6லிருந்து 1.0க்குள் நிற்க வேண்டிய சரக்கு. ஏற்கெனவே அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறாராம். மூட்டுவலி என்றால் டைக்ளோபினாக், இபுபுரூஃபன் வாங்க வேண்டாம் என்றேன், லித்தியம் அளவை அவை ஏற்றிவிடும். அதுவும் தெரிந்திருந்தது. அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம் என்றேன். "அவரு போன்ல பேசுற நிலைமையில இருந்தா நான் ஏம்ப்பா மாத்திரை கேக்கறேன்" என்றார். வீட்டுக்காரர்களும் பேசலாம், உங்களுக்காகவே பேசலாம் என்றதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிளினிக்குக்கு நானே போன் செய்து, சாப்பாடு இறங்கவில்லையாம், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி மறுநாளைக்கு டோக்கன் வாங்கிக் கொடுத்தேன். இதை யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் கட்டிலை விட்டு எழாதவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டியது அக்கா, நான் இல்லை.

மறுநாள் போனார்களா, இல்லை எதிர்க் கடையில் அதே சீட்டைக் காட்டி வாங்கிவிட்டாரா, நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்யப் போகிறேன் என்பது ஒன்று, வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்பது இன்னொன்று.

அப்புறம் ஒரு நாள் அண்ணனே கடைக்கு வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில். உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்றார், பாராசிட்டமால் கொடுத்தேன், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார், போய்விட்டார். சாயந்திரம் அக்கா வந்தபோது "அண்ணன் வந்திருந்தாரே, நல்லா இருக்காரு" என்று சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "ரொம்பப் பேசினாரா?"

"இல்லக்கா, நார்மலாத்தான் பேசினாரு."

"மீதிச் சில்லறைய வாங்கினாரா?"

வாங்கவில்லை. வெச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று ரூபாய், யாரும் விட்டுவிட்டுப் போகிற காசுதான் என்று நான் சொல்லச் சொல்ல, அக்கா பர்ஸைத் திறந்து அன்றைய மருந்துக்கான பணத்தை எண்ண ஆரம்பித்தார்.