கூண்டா, தராசா? பட்ஜெட் விமானங்களின் கைப்பைக் கணக்கு

கைப்பை விஷயத்தில் பட்ஜெட் விமான நிறுவனங்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடலாம். அளவு சரியா என்று பையைக் கம்பிக் கூண்டில் இறக்கிப் பார்ப்பவை ஒரு கட்சி. தராசில் தூக்கி வைப்பவை இன்னொரு கட்சி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் கூண்டுதான் ஆட்சி செய்கிறது. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தராசு. எந்தப் பை வாங்குவது, எப்படி அடுக்குவது, எங்கே மாட்டிக்கொள்வோம் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தைப் பொறுத்தவை. கூண்டுக் கட்சிக்குத் தயாரான பையோடு தராசுக் கட்சியிடம் போய் நிற்பவர்கள்தான் போர்டிங் வரிசையில் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் கூண்டு. இங்கே இலவசமாகக் கிடைப்பது இருக்கைக்கு அடியில் போகும் ஒரு சின்னப் பை மட்டும். தலைக்கு மேலே இருக்கும் பெட்டியில் வைக்கிற டிராலிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஐரோப்பாவின் ரயன்ஏரில் இலவசப் பையின் அளவு முன்பு 40 × 20 × 25 செ.மீ. 2025-ல் அதை 40 × 30 × 20 ஆக்கினார்கள். 20 லிட்டர் 24 லிட்டரானது. விஸ் ஏரும் அதே 40 × 30 × 20தான், எடை 10 கிலோ வரை. ஈஸிஜெட் கொஞ்சம் தாராளம்: 45 × 36 × 20. அதாவது 32 லிட்டருக்குச் சற்று மேல், எடை 15 கிலோ வரை. அமெரிக்காவின் ஃபிரான்டியரில் 18 × 14 × 8 இன்ச், கிட்டத்தட்ட ஈஸிஜெட் அளவு. பணம் கட்டிக் கொண்டுபோகும் டிராலி ரயன்ஏரில் 55 × 40 × 20, விஸ் ஏரில் 55 × 40 × 23, ஈஸிஜெட்டில் 56 × 45 × 25.

இந்த எண்களைப் பார்த்தாலே ஒன்று தெரியும்: ஈஸிஜெட்டுக்கென்று அளவெடுத்து வாங்கிய பை ரயன்ஏர் கூண்டில் நீளத்தில் 5 செ.மீ.யும் அகலத்தில் 6 செ.மீ.யும் இடிக்கும். ஒரே பயணத்தில் போகும்போது ஒரு நிறுவனம், திரும்பும்போது இன்னொன்று என்று டிக்கெட் எடுப்பது சகஜம். ஆகவே மிகச் சிறிய அளவுக்குத்தான் பை வாங்க வேண்டும். ஏர்லைன்ஸ் ஃபார் யூரோப் அமைப்பு 2025-ல் தன் உறுப்பு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் 40 × 30 × 15 என்ற பொதுக் குறைந்தபட்ச அளவை அறிவித்தது. 18 லிட்டர்தான். ஆனால் அந்த நிறுவனங்களில் யாரும் அந்தப் பையை மறுக்க முடியாது.

கூண்டுக் கட்சியில் எடைக்கு ஒரு வரம்பு எழுதப்பட்டிருந்தாலும் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 24 லிட்டர் பையில் துணியை எவ்வளவு திணித்தாலும் 10 கிலோவைத் தொடுவது அரிது. புத்தகமோ கேமராவோ நிறைய இருந்தால் மட்டும் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றும் கம்ப்ரஷன் பைகளுக்கு இங்கே உண்மையான பயன் உண்டு.

தராசுக் கட்சியில் கதை தலைகீழ். ஏர் ஏசியா, ஜெட்ஸ்டார், இண்டிகோ ஆகியவற்றின் சாதாரணக் கட்டணத்தில் 7 கிலோ. ஸ்கூட்டில் 10 கிலோ. அளவில் இவர்கள் தாராளம்: ஏர் ஏசியாவிலும் ஜெட்ஸ்டாரிலும் பெரிய பை 56 × 36 × 23, இண்டிகோவில் 55 × 35 × 25. டிராலியே இலவசமாக மேலே போகும், கூடவே ஒரு சின்னப் பையும். இதில் சிக்கல் என்னவென்றால், ஏர் ஏசியாவிலும் ஜெட்ஸ்டாரிலும் அந்த 7 கிலோ இரண்டு பைக்கும் சேர்த்துத்தான். டிராலி 7, தோள்பை தனி என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். சிலர் தராசுக்கு வரும்போது தோள்பையை நண்பரிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கவுன்டரில் வேலை செய்பவர்கள் அதைப் பார்க்காதவர்கள் அல்ல.

7 கிலோவைப் பிரித்துப் பாருங்கள். சக்கரம் வைத்த கெட்டி ஓட்டுப் பெட்டி காலியாகவே இரண்டரையிலிருந்து மூன்று கிலோ இருக்கும். லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்து இரண்டு கிலோ. மீதி இரண்டு, இரண்டரை கிலோ. ஒரு ஜீன்ஸ் 600 கிராமுக்கு மேல், ஒரு ஜோடி ஷூ முக்கால் கிலோவுக்கு மேல். அவ்வளவுதான், முடிந்தது. அதே பொருட்களை ஒரு கிலோவுக்குள் இருக்கும் துணி பேக்பேக்கில் வைத்தால் இரண்டு கிலோ மிச்சம். ஆகவே தராசுக் கட்சியில் பறப்பவர் பைக்குள் இருப்பதைக் குறைப்பதற்கு முன் பையையே மாற்ற வேண்டும். கம்ப்ரஷன் பை இங்கே உதவாது, கெடுக்கும். இடம் மிச்சமானதும் கை சும்மா இருக்காது, இன்னும் நாலு துணியை உள்ளே தள்ளும்.

வீட்டில் எடை பார்க்கக் கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு போதும். அதுவும் இல்லையென்றால் உடல் எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறி இறங்கிக் கழித்துக்கொள்ளலாம். எந்த வழியானாலும் அரை கிலோ இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கனமான ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொள்வதும், சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றை அதன் பாக்கெட்டில் வைப்பதும் எங்கும் செல்லும் தந்திரம். மேலே போட்டிருக்கும் உடையை யாரும் எடை போடுவதில்லை.

அளவெடுப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். கடைச் சீட்டில் போட்டிருக்கும் அளவை நம்ப முடியாது. பல தயாரிப்பாளர்கள் சக்கரத்தையும் கைப்பிடியையும் விட்டுவிட்டுப் பெட்டியின் உடலை மட்டும் அளந்து போடுகிறார்கள். "20 இன்ச் டிராலி" என்றால் உடல் 51 செ.மீ. சக்கரம் சேர்ந்தால் 55-ஐத் தொடும், சில பெட்டிகளில் தாண்டும். விமான நிறுவனமோ சக்கரம், கைப்பிடி, பக்கப் பை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்கிடும். "கேபின் அப்ரூவ்டு" என்று தொங்கும் அட்டைக்கும் மதிப்பில்லை. அப்படி ஒப்புதல் கொடுக்கும் பொது அமைப்பு எதுவும் கிடையாது. விமான நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஐயாட்டா 2015 ஜூனில் 55 × 35 × 20 என்று ஒரு பொது அளவை முன்வைத்து, அதற்கு "கேபின் ஓகே" முத்திரையும் கொடுக்கப் பார்த்தது. இருக்கிற பெட்டியையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறார்களா என்று கிளம்பிய எதிர்ப்பில் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது.

ஆக, அளவு நாடாவை நாமேதான் எடுக்க வேண்டும். பையைப் பயணத்துக்கு அடுக்குவதுபோல முழுக்க அடுக்கி ஜிப்பை மூடுங்கள். காலிப் பையை அளந்து பிரயோசனமில்லை. சுவரை ஒட்டித் தரையில் நிறுத்தி, அதன் தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கையாக, சுவரில் முட்டும்படி வைத்து, புத்தகத்தின் அடிப்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை உயரம். பையைப் புரட்டி அகலத்தையும் ஆழத்தையும் இதே மாதிரி எடுங்கள். உயரம் சரியாக இருக்கும் பைகள்கூட ஆழத்தில்தான் மாட்டும். முன்பக்கப் பாக்கெட்டில் வைத்த சார்ஜரும் சோப்பு டப்பாவும் 20 செ.மீ.யை 24 ஆக்கிவிடும். விரிவடையும் ஜிப் இருந்தால் அதை மூடியே வைத்திருங்கள். பக்கவாட்டு வலையில் தண்ணீர் பாட்டிலைச் செருகினால் அகலம் போய்விடும்.

இதைவிடவும் உறுதியான சோதனை, அட்டைப் பெட்டியை வெட்டி 40 × 30 × 20 அளவில் மேல்பக்கம் திறந்த கூண்டு ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்வது. பை அதில் அழுத்தாமல் இறங்கி, இழுக்காமல் வெளியே வர வேண்டும். காலால் மிதித்து இறக்கினால் அது இறங்கியதாகக் கணக்கில்லை. கேட்டில் நிற்கும் ஊழியருக்கும் அது தெரியும். அளவு மீறிய பையைப் பிடிக்கும் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தருவதை ரயன்ஏர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில் அந்தத் தொகையை உயர்த்தவும் செய்தது. "போன தடவை ஒன்றும் சொல்லவில்லையே" என்ற வாதம் இனி எடுபடாது.

மூன்று அளவும் தனித்தனியாகப் பொருந்த வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் விற்கும் டிராலிகள் பெரும்பாலும் 22 × 14 × 9 இன்ச். செ.மீ.யில் அதுவே 56 × 36 × 23. ஏர் ஏசியாவின் எண்ணும் ஜெட்ஸ்டாரின் எண்ணும் இதுதான். கொள்ளளவைப் பார்த்தால் ரயன்ஏரின் 55 × 40 × 20-ஐவிட இரண்டு லிட்டர்தான் கூடுதல். ஆனால் ஆழத்தில் 3 செ.மீ. அதிகமான கெட்டி ஓட்டுப் பெட்டி ரயன்ஏர் கூண்டில் இறங்கவே இறங்காது. துணிப் பையாக இருந்தால் நசுங்கி இறங்க வாய்ப்புண்டு. கூண்டுக் கட்சிக்குக் கம்பிச் சட்டமோ சக்கரமோ இல்லாத பேக்பேக்தான் ஏற்றது என்று சொல்வது இதனால்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? பாதிக் காரணம் இடம். 180 பேர் ஏறும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஆளுக்கொரு 55 செ.மீ. டிராலி கொண்டுவந்தால் பழைய வகை மேல்பெட்டிகளில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. போயிங் பின்னாளில் கொண்டுவந்த பெரிய பெட்டிகளில் டிராலியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்கலாம். நான்கு கொள்ளும் இடத்தில் ஆறு கொள்ளும். அது எல்லா விமானத்திலும் இல்லை. தரையிறங்கிய விமானத்தை 25 நிமிடத்தில் மறுபடி கிளப்ப நினைக்கும் நிறுவனத்துக்கு, நடைபாதையில் பெட்டிக்கு இடம் தேடும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். மீதிப் பாதிக் காரணம் வருமானம், ஒளிக்க ஒன்றுமில்லை. நியாயமான எடைக்கும் அளவுக்கும் உட்பட்ட கைப்பைக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-லேயே சொன்னது. "நியாயமான" என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இன்றைய விதிகளெல்லாம் குடியிருக்கின்றன. ஸ்பெயின் அரசு 2024 நவம்பரில் ஐந்து நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் போட்டதில் இந்தக் கட்டணமும் ஒரு காரணம். சண்டை ஓயும் வரை கூண்டு எங்கும் போகாது.

டிக்கெட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது சொற்களை. இடைத்தரகர் தளத்தில் "கைப்பை உண்டு" என்று ஒரு சின்னப் படம் இருக்கும். அது இருக்கைக்கு அடியில் போகும் பையாக இருக்கலாம். பதிவு எண்ணை வைத்து விமான நிறுவனத்தின் தளத்திலேயே நுழைந்து செ.மீ.யும் கிலோவும் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். டிராலி வேண்டுமென்றால் டிக்கெட்டோடு வாங்குவதுதான் பொதுவாக மலிவு. பின்னால் சேர்த்தால் கூடும், விமான நிலையக் கவுன்டரில் இன்னும் கூடும், கேட்டில் உச்சம். ஒரு விமானத்துக்கு இத்தனை டிராலிதான் என்று வரம்பு இருப்பதால் கடைசி நேரத்தில் கிடைக்காமலும் போகும். போக வாங்கியது வரச் செல்லாது. இரண்டு வழிக்கும் தனித்தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் வரிசையோ அவசர வழிக்கு அருகிலுள்ள இருக்கையோ எடுத்தால் காலடியில் பை வைக்க விட மாட்டார்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் அது மேலே போக வேண்டும். பாஸ்போர்ட்டையும் மருந்தையும் முன்கூட்டியே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் கேட்டில் ஊழியர்கள் பையை வாங்கிக்கொள்ளலாம். மேல்பெட்டி நிரம்பிவிட்டால் பணம் கட்டியவர்களின் டிராலியைக்கூடச் சரக்கறைக்கு அனுப்புவார்கள், கட்டணமில்லாமல். ஒப்படைக்கும் முன் பவர் பேங்கையும் உதிரி லித்தியம் பேட்டரிகளையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும். அவை சரக்கறைக்குப் போகக் கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவர் வரை என்றால் கேபினில் அனுமதி, 100-லிருந்து 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் தேவை, அதற்கு மேல் கிடையாது. கணக்கு எளிது: 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர்-அவரை 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட்-அவர். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கிவிடலாம். பேட்டரி பொருத்திய ஸ்மார்ட் பெட்டியென்றால் அந்தப் பேட்டரி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்காகவே பவர் பேங்க், மருந்து, சாவி, ஆவணங்கள், லேப்டாப் எல்லாம் ஒரே சின்ன உறையில் பையின் மேல்பகுதியில் இருக்கட்டும். பத்து விநாடியில் உருவிக்கொள்ளலாம்.

டேக் துண்டை வாங்கிக்கொண்டு பை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்: விமானப் படிக்கட்டடியிலா, பெல்ட்டிலா? தனித்தனி டிக்கெட்டில் இணைப்பு விமானம் பிடிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். பெல்ட்டுக்குப் போகும் பையை அடுத்த நிறுவனம் எடுத்துக்கொள்ளாது. நாம்தான் குடியேற்றச் சோதனையைத் தாண்டி எடுக்க வேண்டும். அந்த நாட்டுக்கு விசா இல்லையென்றால் வெளியே போகவும் முடியாது. அப்படிப்பட்ட இணைப்பு இருந்தால் டிராலியே வேண்டாம், இருக்கைக்கு அடியில் போகும் பை ஒன்றோடு கிளம்புங்கள். மேல்பெட்டி நிரம்பினாலும் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.