டான் ஜுவானைப் பார்த்து அழுத அனா

இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைக் கச்சிதமாகப் பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள். முன்பாதி உணர்ச்சி பொங்கும் கற்பனாவாதத்துக்கு (ரொமான்டிசிசம்), பின்பாதி வாழ்க்கையை உள்ளபடி எழுதும் யதார்த்தவாதத்துக்கு. கிளாரின் எழுதிய ‘லா ரெஹென்டா’ (1884-85) நாவலைப் படித்ததிலிருந்து எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை.

பெண்களை மயக்கித் திரியும் டான் ஜுவானைப் பற்றிய ஹோசே சொரில்லாவின் ‘டான் ஜுவான் டெனோரியோ’ நாடகம் 1844இல் அரங்கேறியது. சொரில்லா ஆளே அசல் கற்பனாவாதி. 1837இல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்த எழுத்தாளர் லார்ராவின் கல்லறையருகே கவிதை வாசித்துத்தான் பிரபலமானார், அப்போது அவருக்கு 20கூட நிரம்பவில்லை. கல்லறைத் திருநாளை ஒட்டி வருடாவருடம் அந்த நாடகத்தைப் போடுவது ஸ்பெயினில் வழக்கமாகிவிட்டது.

கிளாரின் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். வெடுஸ்டா என்று அவர் பெயர் மாற்றி எழுதிய ஒவியேடோ நகரத்தில், நாவலின் நாயகி அனா முதல்முறையாக அந்த நாடகத்தைப் பார்க்கிறாள். சுற்றியிருப்பவர்களுக்கு அரங்கம் என்பது வம்பளக்கும் இடம், மேடைப் பக்கம் யார் பார்க்கிறார்கள்? இவள் மட்டும் அழுகிறாள். மடத்தில் அடைபட்ட நாயகி இனெஸ் நான்தான், என் வீடுதான் அந்த மடம் என்று தோன்றுகிறது. அவளுடைய டான் ஜுவான், பக்கத்திலேயே இருக்கும் ஆல்வரோ மெஸியா. வயது ஏறிக்கொண்டிருக்கும் உள்ளூர் அரசியல்வாதி, அவ்வளவுதான். மேடையில் துப்பாக்கி வெடித்ததும் அவளுக்கு ஒரு காட்சி மின்னுகிறது: கணவர் விக்டர் கறுப்பு வெல்வெட் உடையில், ரத்தத்தில் மல்லாந்து கிடக்கிறார். எதிரே கையில் துப்பாக்கியோடு ஆல்வரோ.

கடைசியில் அது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எப்படி? வேலைக்காரி கடிகாரத்தைத் திருகி வைத்துவிட, முன்னதாகவே எழுந்துவிட்ட விக்டர், மனைவியின் பால்கனியிலிருந்து ஆல்வரோ இறங்குவதைப் பார்த்துவிடுகிறார். கையில் வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. சுடவில்லை. ராத்திரியில் படுக்கையில் உட்கார்ந்து வாளைச் சுழற்றிக்கொண்டு 17ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் கால்டெரோனின் மான அவமான நாடகங்களை முழங்குகிற மனிதர் அவர்! அப்புறம் பிறர் மூட்டிவிட்டுத்தான் ஒற்றைக்கு ஒற்றை மோதலுக்கே போகிறார். குண்டு நெஞ்சில் படவில்லை, மூத்திரப்பையில் பாய்கிறது. பை நிரம்பியிருந்தது என்பதையும் கிளாரின் விடாமல் எழுதுகிறார்.

படித்தபோது சிரிப்பு வந்தது, சிரித்ததற்குக் கூச்சமாகவும் இருந்தது. நாடகத்தனமான ஆசைகள் இவர்களை விட்டு எங்கும் போகவில்லை, உடம்பும் கடிகாரமும் ஊர்வாயும்தான் குறுக்கே வந்துவிடுகின்றன. ஆல்வரோ மாட்ரிட்டுக்கு ஓடிவிடுகிறான். ஊர் அனாவைத்தான் ஒதுக்கி வைக்கிறது.

கதையைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள், இது முடிச்சுக்காகப் படிக்கிற புத்தகம் இல்லை. ஆங்கிலத்தில் ஜான் ரதர்ஃபோர்டின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. தலையணை சைஸ்தான். முதல் 15 அத்தியாயங்களும் மூன்றே நாளில் நடப்பவை, அங்கேதான் பலர் மூடி வைத்துவிடுவார்கள். நாடகக் காட்சி 16ஆவதில் வருகிறது.