கொன்றை என்று சொல்லி ஏமாந்த கதை

கோவையில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஊட்டியில் சிற்றுண்டி. பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கி, மதியத்துக்குள் முதுமலைக் காட்டில் இருக்கும் தெப்பக்காடு. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால் அதை முதல் நாளே எடுத்துவிட்டேன். ஊட்டியிலிருந்து முதுமலைக்குக் கல்லட்டி சாலைதான் குறுக்குவழி. ஆனால் அதில் இறங்க வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, ஏறலாம். ஆகவே போகக் கூடலூர், திரும்பக் கல்லட்டி.

கூடலூர் தாண்டியதும் சாலையோரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. இரண்டு மழை பெய்திருந்ததால் இலைகளும் பளபளவென்று இருந்தன. பின் இருக்கையில் மகள், "அப்பா, நிறுத்துங்கள், படம் எடுக்க வேண்டும்" என்றாள். காட்டுச் சாலையில் நிறுத்தக் கூடாது என்று தெரிந்தும் நிறுத்தினேன். அதோடு விட்டேனா? "இதுதான் கொன்றை. சிவபெருமான் சடையில் சூடும் பூ" என்று தேவாரத்தில் ஒரு வரியும் பாடிக் காட்டினேன். ரோந்து ஜீப் ஒன்று பின்னால் வந்து ஒலி எழுப்பிய பிறகே வண்டியை எடுத்தேன்.

மாலையில் வனத்துறை வேனில் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார்கள். புள்ளிமான்கள், ஒரு மயில், தூரத்தில் காட்டெருமையின் முதுகு. அவ்வளவுதான். புலி எங்களைப் பார்த்திருக்கலாம். ஓர் இடத்தில் அதே மஞ்சள் பூ. மகள் தன் புதிய அறிவை ஓட்டுநரிடம் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார்.

"அது கொன்றை இல்லை பாப்பா. சரக்கொன்றை சரம் சரமாகத் தொங்கும். இது நிமிர்ந்து நிற்கிறது, பார். சார், இந்த மரத்தை மான் தின்னாது. இதன் அடியில் புல்லும் முளைக்காது."

பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவந்து வைத்தது காட்டுக்குள் பரவிவிட்டது. இப்போது அரசே வெட்டி எடுத்துக் காகித ஆலைக்கு அனுப்புகிறது. வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால் வேரோடு பிடுங்க வேண்டுமாம். கீழே புதராக மண்டியிருக்கும் உண்ணிச்செடியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். அந்தக் குச்சியை வளைத்துப் பின்னி இங்குள்ள பழங்குடியினர் ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்தார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் போய் நின்றன.

கொஞ்சம் யோசித்தால், காலையில் "ஆகா" என்றதெல்லாம் இந்த வகைதான். ஊட்டியின் தைலமரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியா. சரிவெல்லாம் தேயிலை. நடுவட்டத்தில் வெள்ளைக்காரன் போட்ட சிங்கோனா தென் அமெரிக்கா.

தெப்பக்காடு யானைகள் முகாமில்தான் மனம் கொஞ்சம் ஆறியது. அடுக்களையில் ஒவ்வொரு யானைக்கும் எவ்வளவு என்று பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். கேழ்வரகுக் களி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு. காவடி (பாகனின் உதவியாளர்) ஒருவர் களியைக் கையால் பிசைந்து தேங்காய் அளவுக்கு உருட்டினார். உருண்டைக்குள் மாத்திரை ஒன்றை அழுத்தி மூடியதைக் கவனித்தேன். பாகன் அதை வாங்கி யானையின் வாய்க்குள் நேராக வைத்தார். யானை ஒரு கணம் மென்றது, நிறுத்தியது, மாத்திரையை மட்டும் உதட்டோரமாகத் தள்ளிக் கீழே போட்டது. பாகன் அதைத் திட்டவும் இல்லை. மாத்திரையைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, அடுத்த உருண்டையில் வெல்லத்தோடு வைத்தார். இந்த முறை உள்ளே போய்விட்டது. மகளுக்கு மருந்து கொடுக்க நான் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறினோம். 36 கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பாலும் இரண்டாம் கியர். மகள் படம் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மரத்தையும் சுட்டி, "இது நம் ஊர் மரமா அப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஏழாவது வளைவு வரை ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு, வளைவில் கவனமாக ஓட்ட வேண்டும், பேச்சுக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன்.