மூடிய கடலைத் திறப்பது யார்?

ஃபிஜியின் கடலோரக் கிராமங்களில் மட்டி, மீன் கணக்கெடுப்புக்கு உதவும் வேலையில் சில காலம் இருந்தேன். ஊருக்குள் போனதும் கயிற்றையும் படிவத்தையும் எடுத்துவிட முடியாது. யங்கோனா (காவா என்ற பானம் செய்யும் செடி) வேர்க்கட்டு ஒன்றைப் பெரியவர்கள் முன் வைத்து, வந்த காரியத்தைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். இதற்கு செவுசெவு என்று பெயர். வெறும் சம்பிரதாயம் என்று அலுத்துக்கொண்ட சக ஊழியர்கள் உண்டு. அந்தக் கடல் யார் பொறுப்பில் இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. சட்டப்படி கடல் அரசுக்குச் சொந்தம். கரையோரத்தில் மீன்பிடிக்கும் மரபுரிமை அந்தந்தக் குலங்களுக்கு.

இந்த வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஊர், தைலேவு மாகாணத்தின் உதுனிவானுவா. கைகோசோ மட்டி அருகிப்போகவே, 1997இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு ஊரார் 24 ஹெக்டேர் சேற்றுப் பரப்பையும் கடற்புல் திட்டையும் 3 ஆண்டுகளுக்கு மூடினார்கள், அதாவது யாரும் அங்கே மட்டி எடுக்கக் கூடாது என்று தடுத்தார்கள். தலைவர் இறந்தால் கடலின் ஒரு பகுதியில் மீன்பிடிக்காமல் விடுவது பழைய வழக்கம்தான். கயிறு கட்டி, சதுரம் சதுரமாக எண்ணிப் பார்த்ததுதான் புதிது. எண்ணியவர்களும் ஊர்க்காரர்களே. மூடிய இடத்தில் மட்டி பெருகியது. அதை ஒட்டி, மூடாமல் விட்ட இடத்திலும் பெருகியது. அதைப் பார்த்துதான் பக்கத்து ஊர்கள் நம்பின.

நான் வேலை பார்த்த ஊரிலும் மட்டி பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள். எந்தச் சேறு இறுகியது, எங்கே குஞ்சு மட்டி தங்கும் என்பதெல்லாம் அவர்கள் பாதத்துக்குத் தெரியும். ஆனால் எல்லை குறிக்கும் கூட்டத்தில் அவர்கள் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் சேற்றில் இறங்கியதும் கயிற்றை எங்கே கட்டுவது என்று அவர்களே சொன்னார்கள், ஆண்கள் கட்டினார்கள்.

பெரிய வாக்குவாதம் திறப்பது பற்றித்தான். தேவாலய நிதிக்காகச் சில நாள் திறக்கலாம் என்று ஊரார் பேசியபோது எங்கள் அலுவலகம் பதறியது. மூடினால் நிரந்தரமாக மூட வேண்டும் என்பது வெளியிலிருந்து வருபவர்களின் எண்ணம். ஊராருக்கோ, தேவைப்படும்போது எடுக்கத்தானே மூடுவது! இதில் நான் ஊரார் பக்கம். திறக்கும் அதிகாரம் கையில் இல்லையென்றால் மூடும் பொறுப்பை யார் சுமப்பார்கள்? கட்டுப்பாடில்லாமல் திறந்தால் பல வருடச் சேமிப்பு சில நாளில் காலியாகும் என்பதும் உண்மை. அதனால் எத்தனை நாள், எந்த அளவுக்கு மேல் பெரிதான மட்டியை எடுக்கலாம் என்று அவர்களே பேசி முடித்தார்கள். சிறியதைத் திரும்பப் போட வைத்தவர்கள் பெண்கள்.

உண்மையான தலைவலி இரவில் வரும் வெளிப் படகுகள். அரசு அங்கீகரித்த மீன் காவலர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வெளிச்சம் தெரிந்தாலும், படகுக்கு எரிபொருள் இருந்தால்தான் துரத்த முடியும். எங்கள் திட்ட பட்ஜெட்டில் பயிலரங்குக்கும் பதாகைக்கும் பணம் இருந்தது. எரிபொருளுக்கு இல்லை.